கடைசித் தாள்தான் ஒன்று

டீன் நீட்டிய மனுக் கோப்பைப் புரட்டியதுமே எதெல்மிராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களுக்கும் முன்னாலிருந்து பின்னால் எண் போட்டிருந்தார்கள். பெரு நாட்டில் எந்த அலுவலகத்திலும் கடைசித் தாள்தான் ஒன்று. அங்கிருந்து கையால் எண் போட்டபடி மேலே வர வேண்டும். டீன் புதிதாகச் செயலாளராக வைத்திருக்கும் அவருடைய அக்கா மகளுக்கு அது தெரியவில்லை. துணைவேந்தர் பதவிக்கு மனுக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்கு மனு வாங்கும் இந்த ஜன்னலைச் சாத்த வேண்டும். இப்போது இரண்டு இருபது.

"எண் தலைகீழா இருக்கு, டாக்டர். திருத்திக் கொண்டாங்க."

கம்பிக்கு வெளியே டீன் செபாயோஸ் சிரித்தார். "எதெல்மிரீட்டா, பதினேழு வருஷம் என் செயலாளரா நீதானே இதெல்லாம் பாத்துக்கிட்டே? நீயே போட்டுடு தாயி."

காரியம் ஆக வேண்டுமென்றால்தான் அந்தச் செல்லப்பெயர். மற்ற நாளெல்லாம் ஐம்பது வயதுக்காரி அவருக்கு வெறும் 'ஏ பொண்ணு'.

போன வருடம் ஊழியர்களுக்கு வேலை பிடித்திருக்கிறதா என்று கருத்துக்கணிப்பு வைத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், பத்துக்கு எத்தனை என்று மட்டும் போடுங்கள் என்றார்கள். அவளும் நம்பி, சக ஊழியர்களுக்கு ஏழு போட்டாள், மேலதிகாரி மதிக்கிறாரா என்ற கேள்விக்கு ஒன்று போட்டாள். அந்த ஏழில் அவள் எப்போதும் போடும் கொக்கியைப் பார்த்ததுமே டீன் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கோப்புகளில் அவள் போட்ட ஏழுகள் கொஞ்சமா? மறுவாரமே மிஸ்தி மலை தெரிகிற மூன்றாம் மாடியிலிருந்து இந்த நிலவறைக்கு மாற்றல். 'ஊழியரின் மனநலன் கருதி' என்று உத்தரவில் எழுதியிருந்தது.

"என் கையெழுத்தா? பாத்ததுமே யாரு போட்டதுன்னு கண்டுபிடிச்சிருவாங்களே, டாக்டர்."

அவர் சிரிப்பு நின்றது. பெஞ்சில் உட்கார்ந்து, கோப்புக்கட்டை மடியில் கவிழ்த்து, ஒவ்வொரு எண்ணாக அடித்து எழுதத் தொடங்கினார்.

"பாவம்க்கா, வேத்துக் கொட்டுது மனுசனுக்கு," என்றான் பக்கத்து மேஜை ரூபேன்.

"எனக்கும்தான் இங்க ஒரு வருஷமா மூச்சு முட்டுது. பாவம்னு நீ ஒரு நாள் சொன்னியா?"

இரண்டு ஐம்பதுக்கு அவர் பேனா தீர்ந்துபோனது. எழுந்து வந்தார். நூற்று நாற்பது தாள் முடித்திருந்தார். எதெல்மிராவுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமேயில்லாத சந்தோஷம்.

"ஒரு பேனா குடு... குடுங்க, எதெல்மிரா."

மேஜையில் நான்கு பேனாக்கள் இருந்தன. அவள் இழுப்பறையைத் திறந்து ஐந்தாவதை எடுத்தாள். செயலாளர் தினத்தன்று அவரே மேடையில் வைத்துக் கொடுத்தது. 'எங்கள் பலம் நீங்களே' என்ற வாசகமும் அவர் பெயரும் பொறித்தது. வாங்கிய அன்றிலிருந்து அது ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். தாளில் அழுத்தினார். உதறினார். பிறகு உள்ளங்கையில் வட்டம் வட்டமாகக் கிறுக்கிப் பார்த்தார். எதெல்மிரா ஜன்னல் கதவின் கொக்கியில் கை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.