துண்டோடு அமர்ந்த மணமகன்

மேற்கே வெள்ளியங்கிரித் தொடர் மூடுபனியைத் தோளிலிருந்து மெல்ல நழுவவிட, கிழக்கே பீளமேட்டுப் பழைய ஆலைகளின் புகைபோக்கிகள், புகைக்கும் வேலை ஒழிந்து பல்லாண்டாகியும் ஓய்வுபெற்ற அலுவலர்போல் விறைப்புக் குறையாது நிற்க, அவற்றினிடையே தன் விளக்கொளியால் விடியலையே வேண்டாததாக்கிக்கொண்டு பொலிந்தது, நீரேற்றுப் பொறி செய்து விற்கும் பாலுசாமியார் தம் மகன் கிருபாசங்கரின் திருமணத்துக்கென அமர்த்திய மணமன்று.

நற்றமிழ் சுவைப்போரே! வாயிலில் வெண்புரவியொன்று கொட்டாவி விட்டு நின்றது. வானில் பறக்கும் படக்கருவி வண்டென இரைந்தது. அது பிடித்த காட்சியெல்லாம் யானையளவுத் திரையில் அப்போதைக்கப்போதே ஒளிர்ந்தது. மணமகன் ஒருவனே அணியமாகவில்லை. ஒப்பனையறையில், இடையில் ஈரத்துண்டொன்றை மட்டும் உடுத்து, தவத்துக்கு அமர்ந்தவன்போல் அசையாதிருந்தான் அவன். கண்ணாடிக்கல்லால் மயில் இழைத்த வடநாட்டு நெடுஞ்சட்டையை ஏந்தி நின்ற ஒப்பனையாளன் வம்சிக்குக் கை வலித்தது.

வழக்கு இதுதான். தாலி கட்டுமுன் நிகழும் இணைச்சீரில், மணமகளுக்குரிய கூறைச்சேலையின் ஒரு முனையை மணமகனும் மறுமுனையை அவன் உடன்பிறந்தவளும் பற்றி நிற்பது கொங்கு மரபு. கிருபாசங்கருக்கு உடன்பிறந்தவள் அக்கை புவனா ஒருத்தியே. அவளோ மணவிலக்குப் பெற்று வீடு திரும்பியவள். ஆதலின் பாலுசாமியார், நூற்பாலையுடைய பங்காளியின் மகள் லோகப்பிரியாவை அவ்விடத்தில் நிறுத்தத் துணிந்து, அத்துணிவைக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நீரொலி மிக்க வேளை பார்த்து மகனுக்கு அறிவித்திருந்தார். மகனுக்கோ காது கூர்மை.

"ஏங்கண்ணு, சனம் காத்துக்கிட்டிருக்குது. செர்வானியப் போட்டுட்டு வா சாமி" என்றார், ஒப்பனையறைக்கே வந்துவிட்ட பாலுசாமியார்.

"அக்கா சீருக்கு நிக்கட்டுங்க. அந்த மயில் சட்டையக்கூடப் போட்டுக்கறேன்."

"கட்டுனவன உட்டுப்போட்டு வந்த புள்ள நின்னா ஊரு என்ன பேசும்?"

"அப்ப இப்படியே மேடைக்கு வாரேனுங்க. அதுக்கும் ஊரு ஏதாச்சும் பேசுமில்லீங்க?"

சொன்னவன் எழுந்து, துண்டை ஒருமுறை இறுக்கிக் கதவின் தாழை நீக்கினான்.

"சார், டிரோன் வாசல்லயே நிக்குதுங்க! பெரிய ஸ்கிரீன்ல அப்படியே தெரியுமுங்க!" என்றான் வம்சி, நெடுஞ்சட்டையால் மணமகனை மறைக்க முயன்றவாறு.

திறந்த கதவின் வழியே உள்ளே நுழைந்தவள் புவனா. தாழை மீண்டும் இட்டாள்.

"கண்ணு, எனக்காக ஆருகிட்டயும் மல்லுக்கட்டாத" என்றவள், தந்தையின்பால் திரும்பினாள். "ஏனுங்கப்பா, நான் வேண்டாம்னு வந்தது அந்தாளத்தானுங்க. தம்பிய வேண்டாங்கலீங்களே? எஞ்சீர நான்தானுங்க செய்வேன். லோகப்பிரியாகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

பாலுசாமியார் சிந்தித்தார். குலப்பெருமையை ஒரு தட்டிலும், யானையளவுத் திரையில் மகனின் துண்டை மறுதட்டிலும் இட்டு நிறுத்துப் பார்த்தார். துண்டே கனத்தது.

"செரி, நில்லு அம்மணி" என்று முனகி வெளியேறியவர், மன்றின் நடுவை எட்டுமுன் நெஞ்சு நிமிர்ந்து, குரல் ஓங்கி, "எங்கூட்ல இந்த வேத்துமையெல்லாம் பாக்கறதில்லீங்க! எம்பொண்ணுதான் நிக்கோணும்னு நானே சொல்லிப்போட்டனுங்க!" என்று முழங்கினார். ஊர் வியந்தது, சிலர் கைதட்டவும் செய்தனர்.

மைந்தனும் சொல் தவறாது மயில் சட்டைக்குள் புகுந்து, புரவியேறி, படக்கருவிக்குப் பல்லைக் காட்டி இறங்கியபின், வெள்ளை வேட்டியும் தலையில் உருமாலையும் தரித்துச் சீருக்கு வந்தான்.

பெருந்தன்மை சிலர்க்கு நெஞ்சில் ஊறுகிறது. சிலர்க்கு நாணத்தால் நெருக்குண்டு கசிகிறது. கசிந்ததைத் தமதென்று பறையடித்தவர் முன்வரிசையில் அமர்ந்து மகிழட்டும். உறவினர் மணங்களிலெல்லாம் பந்தியோரம் ஒதுங்கியே பழகிப்போன புவனாவின் கால்கள், அன்று மேடையின் நடுவில் ஊன்றி நின்றன. அவள் பற்றிய கூறையின் முனையோ, சடங்கு நடத்தும் அருமைக்காரர் சீரை முடித்து "போதும், உடு அம்மணி" என்று இருமுறை சொன்ன பின்னரே அவள் கைவிட்டு நீங்கிற்று.