உப்புப் பாரையின் வெளிச்சம்

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், உப்பு மீன் எடுக்கக் கடையின் பின்னறைக்குள் போன பரிமளம் வெறுங்கையோடு வெளியே வந்தாள். ஜன்னல் இல்லாத அறை அது. உள்ளே போனதும் காற்றில் கதவு சாத்திக்கொண்டது. கண் இருட்டுக்குப் பழகியபோது, கூடையில் அடுக்கியிருந்த பாரை மீன்கள் நீலமும் பச்சையுமாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தன. எது தலை, எது வால் என்று தெரியும் அளவுக்கு வெளிச்சம்.

அதே மாதிரி வெளிச்சத்தை அவள் முந்தைய வாரம்தான் பார்த்திருந்தாள். கடையில் எலித்தொல்லை பொறுக்காமல் அவள் புருஷன் சுந்தரலிங்கம் ஒரு டப்பா எலிப்பாஷாணம் வாங்கி வந்திருந்தான். பாஸ்பரஸ் கலந்த பசை. இருட்டில் மினுங்கும். அதைத் தேங்காய்ச் சில்லுகளில் தடவி இதே அறையின் மூலைகளில் வைத்தவனும் அவன்தான்.

வெளியே ரெங்கம்மா காத்திருந்தாள். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறித்து, லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் வசிப்பவள். மாதத்துக்கொருமுறை பதுளைக்கு இறங்கிச் சாமான் வாங்கிப்போவாள். வழக்கம்போல மீனும் கேட்பாள் என்றுதான் பரிமளம் உள்ளே போயிருந்தாள்.

"மீன் தீந்துருச்சு ரெங்கம்மா," என்றாள் பரிமளம்.

"நல்லதாப் போச்சுங்க. நான் மீன் கேக்க வரல. மூணு நாளைக்கு முன்னால எங்க லயத்து ஆளுககிட்ட நீங்க குடுத்துவிட்ட மீனு, சட்டிக்குள்ள நெருப்பு மாதிரி மின்னுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு அன்னையிலருந்து வாந்தி. கடையில என்னமோ தடவிக் குடுத்திருக்காங்கன்னு கங்காணி சொல்றாரு."

"நீயும் தின்னியா?"

"தின்னேன். எனக்கு ஒன்னுமில்ல. அதுதான் எனக்கும் புரியல."

அன்று சாயந்தரம் கடையைச் சாத்தியதும் பரிமளம் நேராகவே கேட்டாள். "ஏங்க, அந்த எலி மருந்து தொட்ட கையோட மீனத் தொட்டீங்களா?"

சுந்தரலிங்கம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "உனக்கு என்ன பைத்தியமா? யார்கிட்டயும் இதப் பேசாத," என்றான். தொட்டேன் என்றும் சொல்லவில்லை, தொடவில்லை என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பின்னறைப் பலகைகள் ஈரமாக இருந்தன. அவன்தான் கழுவியிருக்க வேண்டும். கல்யாணமான நாளாக அவன் ஒரு பலகையைக் கழுவி அவள் பார்த்ததில்லை. எலிப்பாஷாண டப்பாவையும் காணவில்லை. கேட்டதற்கு, "எலி குறைஞ்சுபோச்சு, தூக்கி எறிஞ்சுட்டேன்," என்றான். மீன் கூடையைச் சாக்கால் மூடி, அவள் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தியிருந்தான்.

பரிமளம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். நமுனுகுல லயங்களில் எத்தனை சட்டிகளில் அந்த மீன் வெந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கோயிலுக்குப் போவதாகச் சொல்லி, சாக்கை விலக்கி ஒரு மீனை எடுத்து, வாழையிலையில் சுற்றிச் சீலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு டாக்டர் ஜெயராசாவிடம் போனாள்.

ஜெயராசா கொழும்பில் படித்து வந்து பதுளையில் சொந்தமாக வைத்தியம் பார்த்தவர். பூதக்கண்ணாடிக் குழாய் பொருத்திய பித்தளை யந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் ஓயாமல் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஊரில் சொல்வார்கள்.

"இதுல விஷம் இருக்கான்னு பாக்கணும் ஐயா."

"யார் வீட்டு மீன்?"

"பக்கத்து வீட்டு மீனுங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் மேலே கேட்காமல் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினார். மீன் மெல்ல ஒளிவிட்டது. குனிந்து முகர்ந்தார்.

"பாஸ்பரஸா இருந்தா பூண்டு வாடை அடிக்கணும். அடிக்கல." ஒரு துண்டை அறுத்து வெறும் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். சிறிது நேரத்தில் வெளிச்சம் மங்கி அணைந்தது. வெளியே எடுத்த பிறகும் அது திரும்பவில்லை. "பாஸ்பரஸா இருந்தா காத்துப் பட்டதும் திரும்ப மினுங்கும். ஆனா இதோட முடிவு சொல்ல முடியாது. வளருதான்னு பாக்கணும். விஷம் வளராது. சில நாள் கழிச்சு வாங்க."

அந்தச் சில நாட்களில் கடை வெறிச்சோடியது. சுந்தரலிங்கத்தின் கடையில் எதுவும் வாங்கக்கூடாது என்று கங்காணி தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். பழைய வாடிக்கைக்காரர்கள்கூட அரிசியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். யாராவது வாய்விட்டுக் கேட்டால் சுந்தரலிங்கம் ஒரே பதிலைச் சொன்னான்: "மீனு மட்டக்களப்புலருந்து தாஸிம் வண்டியில வந்தது. அவரு என்ன செஞ்சாரோ, எனக்குத் தெரியாது."

தாஸிம் வருஷக்கணக்காக அவர்களுக்கு மீன் கொண்டுவந்த வண்டிக்காரர். பரிமளம் உள்ளிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மறுத்துப் பேசவில்லை. யாருக்குத் தெரியும், அவராகவும் இருக்கலாம் என்று அவளுக்கும் ஒரு நினைப்பு ஓடியது.

மறுபடி போனபோது ஜெயராசா இருட்டறையில் இரண்டு குப்பிகளைக் காட்டினார். இரண்டிலும் மீன் அவித்த நீர். இரண்டிலும் அந்த மீனிலிருந்து ஊசி முனையால் தொட்டு விட்டிருந்தார். உப்புப் போடாத குப்பி கறுப்பாகவே இருந்தது. கடல்நீரில் இருக்கும் அளவு உப்புப் போட்ட குப்பி முழுக்க வெளிச்சமாக இருந்தது. அவர் அதைக் குலுக்கியதும் ஒளி இன்னும் கூடியது.

"உசிருள்ளதும்மா. கடல் கிருமி. உப்பில்லாட்டி பிழைக்காது."

யந்திரத்தின் வழியாகப் பார்க்கச் சொன்னார். குட்டையான, தடித்த சிறு குச்சிகள் போல ஏதோ நெளிந்தன. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று யோசித்தாள்.

"அப்ப வாந்தி?"

"லயத்துக்குப் போய்ப் பாத்தேன். மீனே தின்னாதவங்களுக்கும் வாந்தி இருக்கு. மலையிலருந்து பீலிக் குழாயில வர்ற தண்ணியிலதான் எனக்குச் சந்தேகம். மேல மாட்டுக்கொட்டில் இருக்கு. ஆனா மீனுல வேற கெட்ட கிருமி இருந்திருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாதி உப்பு கரைஞ்ச மீன் இது. வழியில நல்லா நனைஞ்சிருக்கு."

பிறகு அவர் குரலில் உற்சாகம் வந்துவிட்டது. இப்படி ஒளிவிடும் கிருமிகளைச் சீமைப் பண்டிதர்கள் ஒரு குலமாகப் பிரித்து ஃபோட்டோபாக்டீரியம் என்று பெயர் வைத்திருப்பதைச் சொன்னார். குலத்துக்குள் இன்னது என்று பிரிக்க, எந்தச் சூட்டில் வளர்கிறது, ஜெலட்டினைக் கரைக்கிறதா, எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டுமாம். இது ஜெலட்டினைக் கரைக்கவில்லை. குளிரில் நன்றாக வளர்கிறது.

"தெரிஞ்ச எதோடயும் ஒத்துப்போகலன்னா புதுசு. அப்ப கண்டெடுத்த ஊர் பேரையே வைக்கலாம். பதுளைன்னு."

பரிமளம் திடுக்கிட்டாள். "வேண்டாங்க. கெட்டுப்போன மீனுக்கு எங்க ஊர் பேரா? அப்புறம் யாரு இங்க வந்து மீன் வாங்குவா?"

"உங்க பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அவ்வளவு கவலையா?" என்றார் அவர், சிரிக்காமல்.

அவள் தலை குனிந்தாள். "எங்க கடை மீனுதாங்க."

"தெரியும். சரி, குப்பியைக் கொண்டுபோய் உங்க வீட்டுக்காரருக்குக் காட்டுங்க. தோட்டத்துலயும் நானே சொல்லிர்றேன்."

பின்னறைக் கதவைச் சாத்தி, குப்பியைச் சுந்தரலிங்கத்தின் கையில் கொடுத்துக் குலுக்கச் சொன்னாள். குப்பியின் ஒளியில் அவன் முகம் நீலமாகத் தெரிந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

"அப்ப, நான் விஷம் குடுத்தேன்னு என் பொஞ்சாதியே வைத்தியர்கிட்ட போயிருக்கா."

"நீங்க பலகையக் கழுவினீங்க. டப்பாவ மறைச்சீங்க. நான் வேற என்ன நினைக்கிறது?"

அவன் குப்பியைக் கீழே வைத்தான். "எனக்கே தெரியலை பரிமளம். அன்னைக்கு மருந்து தடவிட்டுக் கைய நல்லாக் கழுவினேனான்னு எவ்வளவு யோசிச்சாலும் நினைவு வரல. நான்தான் விஷத்தக் கலந்துட்டேனோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "வர்ற வழியில லுணுகலைப் பக்கம் மழையில மீன் நனைஞ்சிருச்சு, விக்காதீங்கன்னு தாஸிம் சொன்னாரு. நான்தான் கேக்கல."

பரிமளத்துக்கு அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, தாஸிமைப் பற்றி அவன் சொன்னபோது தான் வாயைத் திறக்காததை நினைத்து உடம்பு கூசியது.

மீதி மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ரெங்கம்மாவின் புருஷன் முருகையா எழுந்து வேலைக்குப் போனான். தோட்டத்தில் பீலியை மாற்றிக் கட்டினார்கள். கங்காணி தடையை எடுத்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஆனாலும் மீன் வாங்குகிறவர்கள் அதைக் கையால் மறைத்து, விரலிடுக்கில் எட்டிப் பார்த்த பிறகே பையில் போட்டார்கள். ஜெயராசா சீமைக்கு அனுப்பிய கிருமி, ஏற்கனவே பெயருள்ள ஒன்றுதான் என்று பதில் வந்தது. அவருக்குப் பெரிய ஏமாற்றம். பரிமளம் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

தாஸிமின் வண்டி மட்டும் கடை வாசலில் நிற்கவில்லை. பண்டாரவளைக்கு நேரே போய்விடுகிறது என்று சொன்னார்கள். ஒருநாள் கடைத்தெரு முனையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரை அவள் பார்த்துவிட்டாள். கிருமியைப் பற்றியும், தப்பு அவர்மேல் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டதையும் சொல்லி, பழையபடி வரச் சொன்னாள்.

தாஸிம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அந்தக் கிருமிக்குப் பேர் வைக்க அவ்வளவு நாள் சோதிச்சுப் பாத்திருக்காங்க தங்கச்சி. என்ட பேரைச் சொல்ல உங்கட வீட்டுக்காரர் ஒரு நாள்கூடப் பொறுக்கல்லயே," என்றார். மாடுகளைப் பூட்டி, பண்டாரவளை ரோட்டில் வண்டியைத் திருப்பினார்.