ஆன்செல்மோவின் இரண்டு கன்னங்கள்

சவ அலங்காரக்காரர் ஒட்டேரோ பிணத்தின் வலது கையை மூன்றாவது முறையாகத் தூக்கி வைத்தார். "கடைசியா கேக்கறேன்மா. சின்ன டிரம் எந்தப் பக்கம்?"

நெரெய்டாவுக்குத் தெரியவில்லை. அப்பா ஆன்செல்மோ நாற்பத்தோரு வருடம் சல்சா இசை மேடைகளில் போங்கோ என்கிற ஜோடி டிரம் வாசித்தவர். ஒரே மகள் அதைப் பார்த்தது ஒரே தடவை, ஏழு வயதில். இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டாள். மற்றபடி அவர் தூங்கித்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

போன்சே நகரில் இப்போதெல்லாம் பிணத்தைப் படுக்க வைத்தால் குடும்பத்துக்கு வசதி போதாது என்று அர்த்தம். போன மாதம் இதே கூடத்தில் ஒருவரை டோமினோ ஆட உட்கார வைத்தார்கள், ஜெயிக்கிற கட்டைகளோடு. உயிரோடு இருந்தவரை அவர் ஜெயித்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆன்செல்மோ வெள்ளைக் கோட்டில், முழங்கால்களுக்கு நடுவே ஜோடி டிரம்மோடு உட்கார்ந்திருந்தார். சின்ன டிரம் பக்கம் மாறியிருந்தால் வெளியே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். அந்தப் பாதிப் பேரும் வாத்தியக்காரர்கள்.

"இடப்பக்கம்," என்றார் பெரியப்பா எவுசேபியோ. குடும்ப இசைக்குழுவின் தலைவர், பாடகர். இரங்கல் உரையின் ஒன்பதாம் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். "மூணு தலைமுறை இசை வம்சம்! வலது கைக்காரனுக்குச் சின்னது இடப்பக்கம்தான். எங்கள்ல இடது கைக்காரனே கிடையாது."

ஒட்டேரோ பழைய இசைத்தட்டு அட்டையை நீட்டினார். "இதுல வலப்பக்கம் இருக்கே?"

"அச்சடிச்ச கழுதை படத்தைத் திருப்பிப் போட்டுட்டான்யா."

நெரெய்டா அட்டையைப் பார்த்தாள். வலது கன்னத்தில் மச்சம். அப்பாவைப் பார்த்தாள். அங்கேயும் வலது கன்னத்தில்தான்.

"இந்த மச்சம்...?"

"நான் வச்சதுதான். படத்தைப் பாத்து," என்றார் ஒட்டேரோ பெருமையாக. "அந்தப் பக்கம் என்னமோ கறை இருந்துச்சு. பூசி மறைச்சுட்டேன்."

காலையிலிருந்து அவள் அந்தப் பொய் மச்சத்தைப் பார்த்துத்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"பாத்தியா, அந்தக் கறைதான் நிஜ மச்சம். படம்தான் திரும்பியிருக்கு, நான் சொன்னது சரி!" என்ற பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. சின்ன வயசுல அவனுக்கு இடது கைதான். எங்கப்பா அடிச்சு மாத்தினாரு. குடிச்சா மட்டும் பழையபடி ஆயிடுவான்."

"மேடையில குடிச்சிருப்பாரா?"

"எப்பவும்."

"அப்ப எந்தக் கை, பெரியப்பா?"

"நான் முன்னாடி நின்னு பாடறவன். முதுகுலயா கண்ணு இருக்கு?"

நெரெய்டா வெளியே போய், வரிசையில் பதினோராவதாக நின்றிருந்த அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மிக்தாலியா அவரை விட்டுப் பிரிந்து இருபது வருடம்.

"எந்தக் கைம்மா?"

"என்னைக் கேக்கறியா? ரெண்டு கச்சேரிக்குப் போயிருக்கேன். ரெண்டுலயும் அவர் எவளைப் பாக்கறார்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சொல்லிக்கொண்டே குனிந்தவள் சட்டென்று நின்றாள். கைக்குட்டை முனையை எச்சிலில் நனைத்து வலது கன்னத்து மச்சத்தை அழித்தாள். பிறகு இடது கன்னத்துப் பூச்சைத் தேய்க்க ஆரம்பித்தாள். அழுத்தித் தேய்த்தாள். நிஜ மச்சம் தெரிந்த பிறகும் தேய்த்தாள்.

நெரெய்டா டிரம்மைத் தூக்கிப் பெரியப்பாவின் மடியில் வைத்தாள்.

"அடிப்பாவி, இது இல்லாம அவன் யாருன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒட்டேரோ, வேறு வழியில்லாமல், இரண்டு கைகளையும் முழங்கால்கள் மேல் வைத்தார். கதவு திறந்தது.

முதலில் வந்த பெண் கைபேசியை உயர்த்தினாள். எதைப் படம் பிடிப்பது என்று தெரியாமல் இறக்கினாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள்.