கிளட்ச்சுக்குள் ஒரு மணி

செம்பூர் சேட்டின் புல்வெட்டும் தோட்ட டிராக்டரில் கிளட்ச் மிதியைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்து லொடலொடத்தது. சாயங்காலம் தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குள் புல்தரை வெட்டியாகிவிட்டால், தோட்டத்து இயந்திரங்கள் அத்தனையும் இனி மெக்கானிக் தளவாய் கையில்தான் என்று சேட் சொல்லியிருந்தார். அது நடந்தால் தாராவியில் மச்சான் பட்டறைக்கும் அங்கே வாங்கும் ஏச்சுக்கும் ஒரு கும்பிடு. தளவாய் சாப்பிடாமல்கூடக் கிளம்பினான்.

குர்லாவில் ஷேக் பரீதின் பழைய இரும்புக் கடையைக் குடைந்ததில், விரிசல் விட்ட அம்மன் கோயில் மணி ஒன்று அகப்பட்டது. நல்ல வெண்கலம். ஒரு துண்டை அறுத்துக் கடைசல் பிடித்து மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"அம்மன் கோயில் மணியில செஞ்சது அண்ணாச்சி, ஆயுசுக்கும் தேயாது" என்று டிராக்டர் ஓட்டும் நெல்லையப்பனிடம் பீற்றிக்கொண்டான்.

ஏறப்போன நெல்லையப்பன் காலை இழுத்துக்கொண்டார். "அம்மன் மணியக் காலால மிதிக்கச் சொல்லுதியாலே? என் குடும்பம் வெளங்குமா?"

எவ்வளவு கெஞ்சியும் மனிதர் அசையவில்லை. பந்தல்காரர்கள் வேறு வந்து இறங்கிவிட்டார்கள். தளவாய் வாயில் பொய் தானாக வந்தது. "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் அண்ணாச்சி. அது பள்ளிக்கூட மணி."

நெல்லையப்பன் முகம் மலர்ந்தது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் பிரம்புக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர் அவர். "மொதல்லயே சொல்லக் கூடாதாலே!" என்று ஏறி உட்கார்ந்தார். அத்தனை வருடக் கோபத்தையும் சேர்த்து ஓங்கி ஒரு மிதி மிதித்தார். மணி வெண்கலம் நன்றாக ஒலிக்கும், அடி தாங்காது. புஷ் இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது.

தளவாய்க்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. "அம்மன் மணிதாம்வே அது! ஒடைச்சீருல்லா, இனி அவளுக்கு நீரே பதில் சொல்லும்!"

நெல்லையப்பன் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஓடிப்போய் அரிவாளை எடுத்து வந்து புல்தரையில் முழந்தாளிட்டார். "தாயே, இது என் அபராதம்" என்று புலம்பிக்கொண்டே புல்லை அறுக்கத் தொடங்கினார். வேறு வழியில்லாமல் தளவாயும் ஓர் அரிவாளோடு பக்கத்தில் குந்தினான்.

தாதருக்குப் பூ வாங்கப் போன சேட் திரும்பியபோது தரை வழித்துவிட்டாற்போல் இருந்தது. குனிந்து தடவிப் பார்த்தார். "வாரே வா! க்யா மெஷின் ஹை, மிஸ்திரி!" என்று மெஷினைப் புகழ்ந்து தளவாயின் தோளைத் தட்டினார். தன் அண்ணன் பங்களா டிராக்டரையும் நாளைக்கே வந்து பார்க்கச் சொன்னார்.

நெல்லையப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அதையாவது இரும்புல செய்லே" என்றார்.