நாலாம் அறையின் கோடு

மலர்வளையத்தைக் கால்மாட்டில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்த கிடங்கு மேனேஜர், ஒரு நிமிடம் கைகூப்பி நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்கய்யா. நேத்தே படம் எடுத்து வச்சேன், காலையில நாலாம் ரூம் ஆக்சிஜன். இருபது புள்ளி எட்டு. இப்ப நாம மூச்சு விடுறோமே, இதே காத்துதான். ரூம்ல ஒரு குறையும் இல்ல. பாவம், அவர் உடம்பு அவரைக் கைவிட்டுருச்சு."

பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "கோடு நேராத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வதுபோலச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற சின்னவளும் எட்டிப் பார்த்தாள். நேற்றிலிருந்து நிற்காத அழுகை அந்தக் கோட்டைப் பார்த்ததும் நின்றது.

செத்துக் கிடந்தவருக்கு ஒரே தங்கை அவள். வீட்டில் மட்டுமல்ல, அண்ணன் வேலை பார்த்த அந்த ஆப்பிள் கிடங்கிலும் அவள் சின்னவள்தான். கீழே அண்ணன் ஆபரேட்டர், மாடி அறையில் அவள் கம்ப்யூட்டர் வேலை. பழத்தை மாதக்கணக்கில் கெடாமல் வைக்க, அறையை அடைத்து, நைட்ரஜனை விட்டு, ஆக்சிஜனைக் குறைத்துவிடுவார்கள். பழம் தூங்கிவிடும். மனிதன் தெரியாமல் உள்ளே போனால் நாலு மூச்சுதான், வாசனைகூட வராது. அதனால் பன்னிரண்டு அறைகளுக்கும் சென்சார் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அளவுகளைச் சின்னவளின் நிரல் எடுத்து, அவள் செய்து வைத்த ஒரே வார்ப்பில், அதாவது டெம்ப்ளேட்டில், ஊற்றி, அறைக்கு ஒரு வலைப்பக்கமாக வரைந்து தள்ளும். ஒவ்வொரு கதவுப் பக்கத்திலும் ஒரு திரை. அதைப் பார்க்காமல் அண்ணன் எந்தக் கதவையும் திறந்ததில்லை.

நேற்றும் பார்த்துவிட்டுத்தான் திறந்திருப்பார். ஒன்பது நாற்பதுக்கு, உள்ளே மறந்து விட்டுவந்த ஏணியை எடுக்கப் போனவர். பத்து மணிக்கு அறையை அடைப்பதாக ஏற்பாடு.

ஆனால் நிஜமான கோடு இப்படி இருக்காது. சென்சார் தரும் கோடு காய்ச்சல்காரன் போட்ட கையெழுத்து மாதிரி நடுங்கும். இதுவோ ஆறு இருபதிலிருந்து ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஓடியது. அதுவும் போகட்டும். யாருமே கேட்காதபோது, சாவு வீட்டில் வந்து இதை ஏன் காட்ட வேண்டும்?

பெரியம்மா யாரிடமோ தணிந்த குரலில் சொல்வதாக நினைத்துக்கொண்டு கூடமே கேட்கச் சொன்னாள். "பிரஷர் இருக்கிற மனுசன். நேத்து காலையில மாத்திரை போடாமயே போயிருக்கான். கூட இருக்கிறவ பாத்துக் குடுக்க வேணாமா?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி நிமிரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

சின்னவள் வாசலுக்கு வந்தாள். பந்தலுக்கு வெளியே கிடங்கு ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். எலக்ட்ரீஷியன் மட்டும் தனியாக ஒரு காரின் மேல் சாய்ந்திருந்தார். அண்ணனோடு தினமும் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவர். அவளைப் பார்த்ததும் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாலாம் ரூம்ல என்னண்ணே ஆச்சு?"

"எனக்கென்னம்மா தெரியும்."

"தெரியாதவர் ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறீங்க?"

"சென்சார் ஒயர் அறுந்து கிடந்துச்சு. விடிகாலையில பெட்டி அடுக்கின வண்டி இழுத்திருக்கும்னு நெனைக்கிறேன். நேத்து பதினோரு மணிக்கு நான்தான் சேர்த்துக் கட்டினேன். இத யார்கிட்டயும் பேச வேணாம்னு மேனேஜர் சொன்னார்."

ஒயர் அறுந்திருந்தால் அளவு வராது. அளவு வராமல் கோடு எப்படி வரும்? அப்படியானால் யாரோ உட்கார்ந்து எண்களை எழுதியிருக்கிறார்கள். மேனேஜரிடம் பாஸ்வேர்டு இருந்தது.

பின்கட்டு அறையில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். போர்வை எடுக்க வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உங்கண்ணனை இன்னும் எடுக்கக்கூட இல்ல. அதுக்குள்ள ஆபீஸ் வேலையா?"

"இல்லண்ணி. ஒண்ணு பாக்கணும்."

"என்ன பாக்கணும்? அந்த ஆளு வந்ததுலேருந்து நீ ஒரு மாதிரியா இருக்கே. எதையோ மறைக்கிறே."

"பாத்துட்டுச் சொல்றேன்."

அண்ணி போர்வையை எடுக்காமலே திரும்பிப் போனாள்.

சென்சார் அனுப்பும் அளவுகள் முதலில் ஒரு கோப்பில் வந்து விழும். மேனேஜர் அதில்தான் கைவைத்திருப்பார் என்று திறந்தாள். ஆறு இருபது: இருபது புள்ளி எட்டு. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. ஆறு முப்பது வெறுமை. ஏழு வெறுமை. ஒன்பது நாற்பது வெறுமை. பதினொன்று பத்துக்குத்தான் மறுபடி எண் ஆரம்பித்தது. கோப்பை யாரும் தொட்ட தடமே இல்லை.

கோப்பில் இல்லாத கோடு வலைப்பக்கத்தில் எங்கிருந்து வந்தது?

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. வார்ப்பைத் திறந்தாள். அளவு வராத இடத்தில் கடைசியாக வந்த அளவையே நீட்டிக்கொள் என்று ஒரு வரி. எட்டு மாதத்துக்கு முன் அவளே எழுதியது. "பழம் வாங்க வர்றவங்க பாக்குற பக்கம்மா. நடுநடுவுல ஓட்டை விழுந்தா ஆயிரம் கேள்வி கேக்கறாங்க" என்று மேனேஜர் சொன்ன அன்று, சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில், ஐந்து நிமிடத்தில் செய்த வேலை. மறுநாள் அண்ணன் கதவுத் திரையைப் பார்த்துவிட்டு மாடியேறி வந்தார். "கோடு இப்பல்லாம் எங்கயும் அறுந்து போறதில்லையே, நல்லா இருக்கு. நம்பலாம்ல?" என்று கேட்டார். "தாராளமா நம்பலாம்ண்ணே" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கை தானாக நைட்ரஜன் எந்திரத்தின் கோப்புக்குப் போனது. அதன் சென்சார் அறுபடாமல் வேலை செய்துகொண்டிருந்தது. நேற்று காலை ஆறரைக்கே எந்திரம் ஓட ஆரம்பித்திருந்தது. நாலாம் அறைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நைட்ரஜன் போயிருக்கிறது.

"இங்கேயா இருக்கே?"

மேனேஜர் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அவர் கண் மடிக்கணினிக்கும் அவளுக்கும் போய்ப் போய் வந்தது.

"நாலாம் ரூமுக்கு ஆறரைக்கே கேஸ் விடச் சொன்னது யாரு சார்?"

"வேன் சீக்கிரம் வந்துச்சு. பெட்டி அடுக்கி முடிஞ்சிருச்சு. எதுக்கு ரூமச் சும்மா வைக்கணும்னு..." நிறுத்திக்கொண்டார். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? டாக்டரே மாரடைப்புன்னு எழுதியிருக்கார்."

"அண்ணன்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

"கேஸ் விட்டிருக்குன்னு கதவுல போர்டு மாட்டச் சொல்லியிருந்தேன்."

"மாட்டினாங்களா?"

அவர் கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆய்வு அதிகாரி நேத்தைய பக்கத்தக் கேட்டிருக்கார். அப்படியே அனுப்பிரு. நீ ஒண்ணும் மாத்த வேணாம், நானும் ஒண்ணும் மாத்தல. அந்தக் கோடு யார் போட்டதுன்னு நான் வாயத் திறக்க மாட்டேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் போன பிறகும் அவர் பூசியிருந்த சென்ட் வாசனை அறையிலேயே நின்றது. ஆக, அவருக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. தன் பெயருக்குப் பயந்து அவள் வாய் திறக்க மாட்டாள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கூடத்தில் பெரியம்மாவின் குரல் மறுபடி கேட்டது. "ஒரு மாத்திரைம்மா. ஒரே ஒரு மாத்திரை." இன்னும் எத்தனை வருடம் அதைச் சொல்வார்கள் என்று சின்னவள் நினைத்தாள். எத்தனை வருடம் அண்ணி தலைகுனிந்து கேட்பாள்?

வார்ப்பில் அந்த ஒரு வரியை அழித்தாள். நாலாம் அறையின் பக்கத்தைப் புதிதாக வரைய நிரலுக்குச் சொன்னாள். பிறகு கூடத்துக்குப் போய் அண்ணியின் தோளைத் தொட்டாள்.

"உள்ள வாங்கண்ணி."

அண்ணி வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே கேட்டாள். ஒயர், எந்திரம், வார்ப்பு எல்லாவற்றையும் சின்னவள் கோர்வையாகச் சொல்லவில்லை, முன்பின்னாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்தபோது அண்ணி ஒன்றையே கேட்டாள்.

"அப்போ மாத்திரையால இல்லையா?"

"இல்லண்ணி."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

"அந்தக் கோடு..."

"நான் போட்டது. நம்பலாமான்னு கேட்டார். நம்பலாம்னேன்."

அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். நாத்தனாரைப் பதினாறு வருடமாகப் பார்த்த பார்வையாக அது இல்லை. சின்னவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"இத அதிகாரிக்கு அனுப்பினா?"

"கேஸ் விட்டது தெரியும். போர்டு மாட்டாதது தெரியும். என் பேரும் வரும்."

"அனுப்பு."

சின்னவள் பக்கத்தையும், இரண்டு கோப்புகளையும், அழித்த வரியையும் சேர்த்துத் தன் பெயரிலேயே அனுப்பினாள்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "நேரமாச்சும்மா, வண்டி வந்தாச்சு."

அண்ணி எழவில்லை. தரையில் நகர்ந்து திரைக்கு முன்னால் வந்தாள். "அவரு உள்ள போனது இதுல எங்க?"

சின்னவள் காட்டினாள். கோடு அறுந்து வெள்ளையாகக் கிடந்த இடத்தில், திரையின் இடது ஓரத்தையொட்டி, ஒன்பது நாற்பது. அண்ணி அங்கே ஆள்காட்டி விரலை வைத்தாள்.

பக்கம் தானாக ஒருமுறை புதுப்பித்துக்கொண்டது. வலப்பக்கம் புதிதாக ஒரு புள்ளி முளைக்க, வரைபடம் முழுவதும் ஒரு எறும்பளவு இடப்பக்கம் தள்ளியது.

"ஏன் நகருது?"

"கடைசி ஒரு நாளைத்தான் இதுல காட்டும் அண்ணி. பழசு அந்தப் பக்கமா போயிரும். கோப்புல இருக்கும், எங்கயும் போகாது."

மறுபடி கதவு தட்டப்பட்டது. அண்ணி காதில் வாங்கவில்லை. அடுத்த பத்து நிமிடம் ஆனதும் பக்கம் இன்னொரு முறை நகர்ந்தது. அவள் விரலும் கூடவே நகர்ந்து திரையின் சட்டத்தில் போய் முட்டி நின்றது.