பின்கதவுப் போணி

இனி வருவது அத்தனையும் சத்தியம். கற்பூரத்தை அணைத்து வேண்டுமானாலும் சொல்லலாம்.

மொறுமொறு காக்ரா ரொட்டி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜீவிபென் கடையின் முன்பக்கம் கால் வைத்ததுதான் தாமதம், அவள் கணவனின் அண்ணன் நௌதம்லால் கல்லாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கேத்கி! இன்னும் போணி ஆகல. உங்கம்மாவ உள்ள போகச் சொல்லு. புருஷன முழுங்கினவ மூஞ்சில முழிச்சா கடைக்கு ஈகூட வராது!"

தம்பி மனைவியோடு அவர் நேராகப் பேசியதாகப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு சொல் இல்லை. அவளும் முக்காட்டைத் தாடைவரை இழுத்துக்கொள்வாளே தவிர வாய் திறந்ததில்லை. ராஜ்கோட்டில் மரியாதையான வீடுகளில் அப்படித்தான். நடுவில் மகள் கேத்கிதான் தபால்பெட்டி. அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் வீடு தீப்பிடித்தாலும் இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வழியில்லை.

மாவு பிசைந்து, காகிதம்போலத் தேய்த்து, கட்டையால் அழுத்திச் சுடுவதெல்லாம் ஜீவிபென்னின் கை. அந்தக் கைக்கு ராசிக்குறைவு இல்லை, முகத்துக்குத்தான். கணவன் ஹர்கிஷன் செத்து நாலு வருஷமாயிற்று. கல்லாவுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்த பலகை காலியாகவே கிடந்தது. அவளுக்கு அந்தப் பலகை வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அன்று கேத்கி அடுப்படியில் உட்கார்ந்து பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பாடத்தை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளின்னா யாருடி?"

"நட்டம் வந்தா தாங்கிக்கிறவங்கம்மா."

"அதைத்தானே நாலு வருஷமா தாங்குறேன். வியாபாரத்துக்கு என்னென்ன வேணுமாம்?"

"பொருள் வேணும். வாங்க ஆள் வேணும். அந்த ஆளுக்கு அது தேவைப்படணும்."

"பெரியப்பா வேணும்னு போடலியா?"

"இந்தப் பதிப்புல இல்லம்மா."

மறுநாள் ஜீவிபென் அடுப்பறையின் பின்கதவைத் திறந்து, முக்காலி போட்டு, டப்பாவை வைத்தாள். முதலில் பால்காரர் வந்தார். அப்புறம் ஓமவாசனை தெருத்தெருவாகப் போய் ஆட்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது. மூன்றாம் நாள் வரிசையின் வால் ரயில்வே கேட்டைத் தாண்டியது. வரிசை நகரட்டும் என்று அகமதாபாத் வண்டி நாற்பது நிமிஷம் நின்றது. ஓட்டுநரும் கால் கிலோ வாங்கிக்கொண்டார்.

முன்பக்கம் நௌதம்லால் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈகூட வரவில்லை.

எட்டாம் நாள் அவரும் வரிசையில் வந்து நின்றார். அவர் முறை வந்ததும் ஜீவிபென் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"கேத்கி, கடைக்குச் சரக்கு வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"கேத்கி, அவருக்குப் போணி ஆச்சான்னு கேளு."

நௌதம்லால் தரையைப் பார்த்தார். "இன்னும் ஆகல."

"ஆனதும் வரச் சொல்லு. போணி ஆகாத மூஞ்சில முழிச்சா நம்ம வியாபாரம் என்னாகறது?"

வரிசை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஓடு இரண்டு சரிந்தது. நௌதம்லால் கேத்கி பக்கம் திரும்பினார்.

"கேத்கி... தம்பி பலகையில வந்து உட்காரச் சொல்லு உங்கம்மாவ."

ஜீவிபென் முக்காட்டை விலக்கினாள். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"எனக்குக் காது கேக்குது. வர்றேன்."

சத்தியத்தில் ஒரே ஒரு குறை: அந்த அடுப்பறைக்குப் பின்கதவு கிடையாது. மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கம் நௌதம்லால்.