கை சொல்லாத பஞ்சு

மூளையில இருந்த கட்டியை எடுத்த பொறவு பொன்னுராஜுக்குப் புத்தி ஒரு குந்துமணிகூடக் குறையலைன்னு மதுரை டாக்டர் சொன்னார். பரிபூரணமும் புருசன் பிழைச்சார்னு நம்பி வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மூணாம் நாள் காலையில வெள்ளைச் சட்டையா, கோடு போட்ட சட்டையான்னு மனுசன் கொடிக்கு முன்னாடி ஒண்ணரை மணி நேரம் நின்னார். வெள்ளை வெயிலுக்கு நல்லது, கோடு அழுக்குத் தாங்கும், வெள்ளையில பித்தான் தொங்குது, கோட்டுல காலர் நைஞ்சிருக்கு. சொன்னதெல்லாம் சரி. கடைசியில பனியனோட சாப்பிட உக்காந்துட்டார்.

இந்த மனுசனா! ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுக்குப் பஞ்சு வாங்குறது இருபது வருசமா இவர்தான். ஒரு பிடி எடுத்து விரலால இழுத்துப் பாப்பார், "கை சொல்லுது, வாங்கலாம்"பார், முடிஞ்சது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவளைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட, காப்பி ஆறுறதுக்குள்ள சரின்னு சொன்ன அவசரக்காரர்.

இப்போ கோவமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு நாள் வேணும்னே உப்பில்லாம குழம்பு வச்சாள். "உப்பு இல்ல"ன்னு சொல்லிட்டு முழுசும் சாப்பிட்டார். பரிபூரணம் அடுப்படியில உக்காந்து அழுதாள். திட்டினாலாவது நம்ம ஆளுன்னு இருக்கும்ல?

மறுபடி டாக்டர்கிட்டப் போனாள். "கணக்குப் போடுற புத்தி நல்லா இருக்கும்மா. பிடிக்குது, பிடிக்கலைன்னு சொல்ற மனசுதான் அதோட பேச மாட்டேங்குது. ரெண்டுக்கும் நடுவுல இருந்த வழியைக் கட்டி அரிச்சிருச்சு. மனசு ஒரு பக்கம் சாயாம, புத்தி மட்டும் எப்படி முடிவெடுக்கும்?"ன்னார். நல்லா இருக்கே! மனசு புகுந்தாத்தான் புத்தி கெடும்னு ஊரே சொல்லுதேன்னு நினைச்சாள். சட்டை விசயம் ஞாபகம் வந்ததும் டாக்டர் சொல்றதுதான் சரின்னு பட்டுச்சு.

மில் மேனேஜர் சங்கரலிங்கம் நல்ல மனுசன், ஆறு மாசம் பொறுத்தார். "திங்கக்கிழமை ரெண்டு லாட் பஞ்சு வருது. எதை வாங்கலாம்னு பொன்னுராஜ் ஒண்ணைச் சொல்லிட்டா வேலை அவருக்கு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டாகணும் தங்கச்சி, என் கையில இல்ல"ன்னார்.

திங்கக்கிழமை மில்லுக்குக் கிளம்பும்போது பொன்னுராஜ், "நீயும் வா"ன்னார்.

"நான் எதுக்கு? பஞ்சுன்னா எனக்குத் தலையணைதான் தெரியும்."

"வா."

பழைய அதிகாரம் கொஞ்சம் எட்டிப் பாத்த மாதிரி இருந்தது. கூடவே போனாள்.

குடோன்ல ரெண்டு குவியல். பொன்னுராஜ் இழுத்து இழுத்துப் பாத்தார். இது இழை நீளம், பலம் கம்மி. அது பலம், ஆனா தூசி. சங்கரலிங்கம் கடிகாரத்தைப் பாத்தார். மணி பதினொண்ணரை. பரிபூரணம் மனசுக்குள்ள கும்பிட்டாள். மாரியாத்தா, ஏதாவது ஒண்ணைச் சொல்ல வையேன்!

"கணக்குல ரெண்டும் சமம்"னு சொன்ன பொன்னுராஜ், ஒரு பிடியை அவ கையில குடுத்தார். "கன்னத்துல வச்சுப் பாரு."

"ஆம்பளைக நிக்காக, என்னங்க இது!"

வச்சாள். பொறவு அடுத்ததையும் வச்சாள். அவர் பஞ்சைப் பாக்கலை, அவ முகத்தையே பாத்துக்கிட்டு நின்னார்.

"ரெண்டாவது"ன்னார்.

"இப்படியும் பஞ்சு பாப்பாகளா!"ன்னு சங்கரலிங்கம் சிரிச்சார். ஆனா சாயங்காலம் மெஷின்ல ஓட்டிப் பாத்தப்போ நூல் அறாம ஓடுச்சு. வேலை அவருக்கே நிலைச்சுச்சு.

திரும்பி நடக்கையில பரிபூரணம் கேட்டாள். "என் மூஞ்சியில அப்படி என்னத்தைப் பாத்தீக?"

"பிடிச்சா உன் மூக்கு நுனி லேசாத் துடிக்கும். பிடிக்காட்டி உதடு உள்ள போகும்."

"அது சரி. பஞ்சு தெரிஞ்ச ஆளு எம்புட்டுப் பேர் இருக்காக, அவுகளை விட்டுட்டு என்னை ஏன் கூப்பிட்டீக?"

பொன்னுராஜ் நின்னுட்டார். போச்சுடா! இனி ஒவ்வொருத்தர் பேரா எடுத்து, நல்லது கெட்டது பிரிச்சு, விடியுற வரைக்கும் இங்கேயே நிக்கப்போறார்னு பயந்தாள்.

"அதை நான் யோசிக்கவே இல்லையே, ஏட்டி"ன்னார்.

பரிபூரணம் சேலைத் தலைப்பால சட்டுனு மூக்கைப் பொத்திக்கிட்டாள், அவர் பாத்துருவாரேன்னு.